தண்ணி லாரிக்கு வாய் பின்னால்

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொல்லக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் சொந்த மகள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்க மாட்டாள். பெங்களூர் காக்ஸ் டவுனில் அந்த வருடம் இதைவிடப் பெரிய கேலிக்கூத்து வேறெதுவும் நடந்திருக்காது.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் மாலை நேர வகுப்பு. பிள்ளைகளின் கற்பனையை வளர்க்கிறோம் என்று படிக்கட்டின் கீழே மூன்று மொழியில் பலகை வைத்திருக்கிறார்கள். தரையில் ஆறு கட்டம் போட்ட துணியை விரிப்போம். பிள்ளை தானே ஒரு கதையை யோசித்து, ஆறு படம் வரைந்து, கட்டத்துக்கு ஒன்றாக வைக்கவேண்டும். பிறகு ரோபோ. உள்ளங்கை அளவு, இரண்டு சக்கரம், நெற்றியில் ஒரு நீல விளக்கு. அதன் முதுகில் இருக்கும் அம்புக்குறிகளை அழுத்திவிட்டால் கட்டம் கட்டமாகப் போய் நிற்கும். நிற்கிற இடத்தில் அது என்ன பேசவேண்டும் என்பதைப் பிள்ளையே தன் குரலில் பதிந்து வைக்கலாம். ஒரு கட்டத்துக்கு இருபது விநாடி. புதிதாகப் பதிந்தால் பழையது போய்விடும். இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் அதன் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, நாம் கேட்டால் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்வார்கள்.

எனக்கு அங்கே கதை மிஸ் என்று பெயர். சிங்கத்துக்கு ஒரு குரல், எறும்புக்கு ஒரு குரல், கோபக்கார டிராபிக் போலீசுக்கு ஒரு குரல் என்று நான் பேசினால் கூட்டிக்கொண்டு போக வந்த அப்பாக்கள்கூட போனை வைத்துவிட்டுக் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவிக்கும் போட்டியில் எப்போதும் முதல் பரிசு எனக்குத்தான். சபையின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சுரங்கத்துக்குள் துளைபோடும் இயந்திரத்தோடு பாதி ஆயுளைக் கழித்தவர், காது மந்தம். அதனால் எங்கள் வீட்டில் உப்பு எடு என்று சொல்வதுகூடப் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். சத்தமாகப் பேசாதது பேச்சே இல்லை என்றுதான் நான் வளர்ந்தேன்.

எனக்குப் பிறந்தவள் கிசுகிசுப்பவள். வீட்டில் பேசுவாள், நன்றாகவே பேசுவாள். குளிக்கும்போது பேசுவாள், சாப்பிடும்போது தட்டோடு பேசுவாள். ஆனால் சின்னக் குரலில். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் அதுவும் நின்றுவிடும். பிரி-கேஜியிலிருந்து ஒன்றாம் வகுப்பு வரை ஒரு வார்த்தை கிடையாது. உள்ளேன் மிஸ் என்றுகூடச் சொல்ல மாட்டாள், கையை மட்டும் தூக்குவாள். பாத்ரூம் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாமல் எத்தனையோ நாள் ஈர யூனிபார்மோடு வேனிலிருந்து இறங்கியிருக்கிறாள். வேன்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பையை மட்டும் நீட்டுவார்.

டாக்டரிடம் போனோம். சில பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள், வற்புறுத்தாதீர்கள், தானாக வரும் என்றார். தானாக வரும்வரை யார் பொறுப்பது? சபையில் ஒரு ஆன்ட்டி வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார்கள், தடவினேன். வேறொருவர் உபவாசம் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். ஐஸ்கிரீம் வாங்கித்தருகிறேன் என்றேன். பேசாவிட்டால் ஹாஸ்டலில் போட்டுவிடுவேன் என்றேன். ஒருநாள் யூனிபார்மை அலசிக்கொண்டிருக்கும்போது ஆத்திரம் தாங்காமல் அந்த ஈரக் கையாலேயே முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழுததுகூடச் சத்தமில்லாமல்தான். அன்றைக்குச் செத்துவிடலாம் போலிருந்தது, மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். வருடக் கடைசியில் வாய்மொழித் தேர்வு உண்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கதை சொல்லவேண்டும். இத்தனை வருடம் கையைத் தூக்கியதையே பதிலாக எடுத்துக்கொண்டோம், இனி முடியாது. இந்தமுறையும் பேசவில்லை என்றால் இரண்டாம் வகுப்புக்கு ஏற்ற முடியாது, அவளுக்குப் பொருத்தமான வேறு பள்ளியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்காமலா இருப்போம்? இரண்டு பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெங்களூரில் பிள்ளையை இன்டர்வியூ செய்யாமல் யாரும் சேர்ப்பதில்லை. முதல் கேள்வியே உன் பெயர் என்ன என்பதுதான். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாத பிள்ளைக்கு இருக்கிற பள்ளியிலும் இடமில்லை, புதுப் பள்ளியிலும் இடமில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருப்பெயர்களை எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். கன்னடத்தையும் சேர்த்து.

என் கணவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. விடிவதற்குள் கேப் வந்துவிடும், அந்தி சாய்ந்துதான் வருவார். அதனால் பள்ளி விட்டதும் மகளை என் வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, இவள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஏதாவது வரைந்துகொண்டிருப்பாள். நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள் ஒரு ரோபோ குறைந்தது. தேடினால் மேஜைக்கு அடியில் நீல விளக்கு எரிகிறது. மேஜைவிரிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு இவள் உள்ளே குப்புறப் படுத்திருந்தாள். என்னவோ காற்று போகிற மாதிரி ஒரு சத்தம். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அசையவே பயம். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அவளே ரோபோவை வெளியே கொண்டுவந்து, துணியை விரித்து, ஆறு படத்தையும் வைத்து, பட்டனை அழுத்திவிட்டு என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள்.

சக்கரத்தின் கரகரப்புக்கு நடுவே காதை வைத்துத்தான் கேட்கவேண்டியிருந்தது.

"ஒரு தண்ணி லாரி இருந்துச்சு. அது எல்லா வீட்டுக்கும் தண்ணி குடுக்கும். அதுக்கு ரொம்ப தாகம்."

அடுத்த கட்டம். "அது எப்படிக் கேக்கும்? அதுக்கு வாய் பின்னாடி இருக்கு. எல்லாரும் முன்னாடி வந்து பேசறாங்க. பின்னாடி யாரும் வரல."

பிறகு ஒரு நாய் வருகிறது. லாரியின் பின்னால் சொட்டுகிற தண்ணீரைக் குடிக்கிறது. குடித்துவிட்டு, உன் வாய் இங்கேயா இருக்கு என்று கேட்கிறது. ஆமாம், யார்கிட்டயும் சொல்லாதே என்கிறது லாரி. சரி, சொல்ல மாட்டேன் என்கிறது நாய். அது சொல்லவும் இல்லை, பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. கடைசிக் கட்டத்தில் லாரியின் மேல்மூடி திறந்திருக்கிறது.

"மழை வந்துச்சு. கேக்காமலே ஊத்துச்சு. லாரி குடிச்சிடுச்சு. அவ்ளோதான்."

நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ கதைகளை நான் திருத்தியிருக்கிறேன். இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. அழுதேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நல்லா இல்லயாமா?"

"நல்லா இருக்குடி தங்கம். ரொம்ப நல்லா இருக்கு. இத உங்க மிஸ்கிட்ட போட்டுக் காட்டலாமா?"

இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "காட்டலாம். ஆனா பட்டன நான்தான் அழுத்துவேன். நீ அழுத்தக் கூடாது."

அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை. நேரே பள்ளிக்குப் போய் வகுப்பு மிஸ்ஸைப் பார்த்தேன். சின்னப் பெண், யூகேஜியிலும் இவளுக்கு அவள்தான் மிஸ், இரண்டு வருடமாக என் மகளின் குரலைக் கேட்காமலேயே அவள்மேல் பிரியமாக இருந்தவள். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மேடம்கிட்ட பேசறேன் மா. ரோபோ சொன்னாலும் பரவால்ல. அவளோட வாய்ஸா இருந்தா போதும். எந்த பாஷைன்னாலும் ஓகே. ஒரு லைன் கேட்டா போதும் எனக்கு."

ஹெட்மிஸ்ட்ரஸும் ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்த திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதோடு நான் சும்மா இருந்திருக்கவேண்டும். இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புராஜெக்ட் வேலையை அம்மாக்கள்தான் செய்வார்கள். இது எல்லோருக்கும் தெரியும், டீச்சர்களுக்கும் தெரியும். தெர்மாகோலில் எரிமலை, ஐஸ்கிரீம் குச்சியில் குடிசை, பல்பு எரிகிற சூரிய மண்டலம். பிள்ளை தன் கையால் ஒட்டினால் கோணலாக இருக்கும் என்று நாமே ஒட்டிவிடுவோம். கடைசியில் பிள்ளையின் பெயரை மட்டும் பிள்ளையை விட்டே எழுதவைப்போம். நான் செய்துகொடுத்த குடிசை பள்ளியின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் நான் கதையைக் கையில் எடுத்தேன். முதலில் ஒன்றே ஒன்றைத்தான் திருத்த நினைத்தேன். வாய் பின்னாடி இருக்கிறது என்றால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன நினைப்பார்? பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்களே? வாயை முன்னால் கொண்டுவந்தேன். வாய் முன்னால் வந்ததும் நாய்க்கு வேலை இல்லாமல் போய்விட்டது, அதை எடுத்துவிட்டேன். கதை என்றால் ஒரு நீதி வேண்டும், தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று சேர்த்தேன். எந்த மொழியானாலும் பரவாயில்லை என்று அந்தப் பெண் சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் இங்கிலீஷ் மீடியம் ஆயிற்றே என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதை மகளிடம் கொடுத்து, இதைப் பார்த்து ரோபோவில் பேசு பாப்பா என்றேன். அவள் தாளைப் பார்த்தாள். "இது வேற லாரி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நாளை திங்கட்கிழமை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டாயிற்று, மகள் கீழ்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். வகுப்பிலிருந்து ரோபோவையும் துணியையும் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நான் படுக்கையறையில் ரோபோவை வைத்துக்கொண்டு அவள் பதிந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் மின்விசிறி எப்போதும் கடகடவென்று ஓடும். இந்தக் காற்றுச் சத்தம் அவர் காதில் எங்கே விழும்? ஒன்றும் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டால்? இதைக் கேட்டுத்தான் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை முடிவு செய்யப்போகிறார்கள்.

நான் குரல் மாற்றிப் பேசுகிறவள். ஏழு வயதுப் பெண் குரல் எனக்குச் சுண்டைக்காய். மூக்கைக் கொஞ்சம் சுருக்கி, தொண்டையை மேலே தூக்கி, அங்கங்கே மூச்சு வாங்கி, முதல் கட்டத்தின் மேல் ரோபோவை வைத்துப் பதிவுப் பட்டனை அழுத்தினேன். ஆறு கட்டத்துக்கும் ஆங்கிலத்தில் பேசினேன். கணீரென்று இருந்தது. அவளுடையதை என் போனில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எனக்குத் தோன்றவே இல்லை.

பதிந்ததைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த கணவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பாப்பாவா? பாப்பாவா பேசறா? இங்கிலீஷ்லயா?"

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது தெரிகிறது. "ஆமாங்க. நேத்தே பதிஞ்சுட்டா" என்றேன்.

அவர் கட்டில் பக்கத்தில் அப்படியே முழங்காலில் நின்றுவிட்டார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே தோளெல்லாம் குலுங்க அழுதார். இன்னொருமுறை போடு என்றார். போட்டேன். அவர் கேட்டுக் கேட்டு அழ, நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் மேஜையை ஒதுக்கி, தரையில் துணியை விரித்தோம். படங்களை மகள்தான் வைத்தாள். நாயின் படத்தையும் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனால் ஆறு படத்தையும் வரிசை மாறாமல் வைத்தாள். தன் குரலை நாலு பேர் முன்னால் கேட்கவிட அவள் துணிந்து வந்திருந்தாள். எத்தனை பெரிய துணிச்சல் என்பது எனக்குத் தெரியாததா? என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பட்டனை அவளே அழுத்தினாள்.

ரோபோ முதல் கட்டத்தில் போய் நின்று பேசியது.

அவள் திடுக்கிடவில்லை. ரோபோவைக் கொஞ்சம் குனிந்து பார்த்தாள், தவறான ரோபோவைக் கொண்டுவந்துவிட்டோமோ என்று தேடுகிற மாதிரி. இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். நாயின் படத்துக்கு மேல் நின்றுகொண்டு அது தண்ணீரைச் சேமிப்பதைப் பற்றிப் பேசியது. அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். அம்மாவின் குரல் எந்த வேஷத்தில் வந்தாலும் பிள்ளைக்குத் தெரியாதா? எத்தனை சிங்கம், எத்தனை எறும்பு கேட்டு வளர்ந்தவள்.

கதை முடிந்ததும் ஹெட்மிஸ்ட்ரஸ் கைதட்டினார். எவ்வளவு தெளிவான உச்சரிப்பு, இவ்வளவு நாள் ஏன் ஒளித்துவைத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பு மிஸ் தரையில் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கண் நிறைந்திருந்தது.

"எவ்ளோ ஸ்வீட் வாய்ஸ் உனக்கு! இதுக்காக ரெண்டு வருஷமா வெயிட் பண்ணேன் தெரியுமா?"

மிஸ் பிடியை விட்டு எழுந்ததும் என் மகள் வாயைத் திறந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரைக்குக் கீழே முதல்முறையாக. மின்விசிறிச் சத்தத்தில் மற்ற இருவருக்கும் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் குனிந்திருந்த எனக்குக் கேட்டது.

"அது நான் இல்ல."

வகுப்பு மிஸ் ஆவலாக என்னைப் பார்த்தாள். "பேசினா இல்ல? என்னமா சொன்னா?"

என் மகளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று.

"தேங்க் யூ சொல்றா மிஸ்" என்றேன்.

இரண்டாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். தெளிவான குரல், நல்ல முன்னேற்றம் என்று ரிப்போர்ட் கார்டில் எழுதியிருந்தார்கள். கணவர் அதை பிரேம் போடவேண்டும் என்றார். அவருக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. ரோபோவிடம்கூட அவள் பிறகு எதையும் சொல்லவில்லை. வகுப்புக்கு வந்தாள், மேஜைக்கு அடியில் போய் உட்காரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை எழுதினாள். வீட்டிலும் குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் வந்தது.

விடுமுறையில் ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தேன். தப்புப் பண்ணிவிட்டேன் பாப்பா, மன்னிச்சிடு என்றேன். தலையை ஆட்டினாள். ரோபோவை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"அந்தத் தண்ணி லாரி கதைய நீ சொன்ன மாதிரியே திரும்பச் சொல்றியாமா? மெதுவாவே சொல்லு. அம்மா ஒண்ணும் மாத்த மாட்டேன். யாருக்கும் போட்டுக் காட்டவும் மாட்டேன்."

அவள் கொஞ்சநேரம் அதன் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு பத்திரமாக இரண்டு கையாலும் எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீயே சொல்லுமா. உன்னோடதுதான் நல்லா இருக்குன்னு மிஸ் சொன்னாங்களே."

கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நிஜமாகவே அப்படி நம்பித்தான் சொன்னாள்.